நாள் நம் கையில் இருக்கும்போது ரத்தப் பை எதற்கு?

அழகு அறுவை சிகிச்சையில் ரத்தம் ஏற்றுவதைத் தவிர்க்க முடியுமா என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். முடியும் என்கிறேன். அதோடு நிற்காமல், தவிர்த்தே ஆக வேண்டும் என்றும் சொல்ல வந்திருக்கிறேன். நள்ளிரவில் நெடுஞ்சாலை விபத்தில் அடிபட்டு வருபவருக்கு நாள் பார்க்க நேரமில்லை. பிரசவ அறையில் உதிரம் பெருக்கெடுக்கும் தாய்க்கு நாள் பார்க்க நேரமில்லை. தலசீமியாவோடு பிறந்த குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏறியே ஆக வேண்டும். இவர்களுக்கெல்லாம் நாள் குறிப்பது நோய். மூக்கைச் சீராக்குவதற்கும், தொங்கும் வயிற்றுத் தோலை எடுப்பதற்கும், தொடைக் கொழுப்பை உறிஞ்சுவதற்கும் நாள் குறிப்பது யார்? நாம்தான். அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம், ஆறு மாதம் தள்ளியும் வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் என் வாதம் முழுவதும் பிறக்கிறது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அழகு அறுவை செய்துகொள்பவர்களைக் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. மார்பின் பாரம் தாங்காமல் தோளும் கழுத்தும் வலிக்கும் பெண் உண்டு. அறுபது கிலோ எடையைப் பாடுபட்டுக் குறைத்த பிறகு, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தோலால் புண்ணும் அரிப்பும் வந்து தவிப்பவர் உண்டு. கோணல் மூக்கைப் பற்றிப் பள்ளி நாளிலிருந்து கேலி கேட்டே வளர்ந்தவர் உண்டு. இந்த ஆசைகளில் ஒன்றும் இழிவில்லை. ஆனால் இந்த அறுவை இன்றைக்கு நடக்காவிட்டால் நாளைக்கு உயிர் போகாது. அப்படியிருக்க, இதில் இன்னொருவரின் ரத்தம் உடலுக்குள் போகும் நிலை வந்தால், அதை விதியின் மேல் போட்டுவிட முடியுமா? பெரும்பாலான நேரங்களில் முடியாது. அறுவை அரங்குக்குள் நுழைவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே ஏதோ ஒரு கேள்வி கேட்கப்படாமல் போயிருக்கிறது என்றுதான் பொருள்.

"இப்போதெல்லாம் ரத்தம் பாதுகாப்பானதுதானே, எதற்கு இவ்வளவு பயம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முப்பது ஆண்டுகளுக்கு முன் இருந்த நிலைமையோடு ஒப்பிட்டால் இன்றைய ரத்தம் எவ்வளவோ பாதுகாப்பானதுதான். உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி முதல் காசுக்கு ரத்தம் விற்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்காமல் ஒரு பையும் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் கிருமி தொற்றிய தொடக்க நாட்களில் சோதனையின் கண்ணில் அது படாமல் போகலாம். அந்த இடைவெளியைச் சுருக்கும் நாட் சோதனை எல்லா ரத்த வங்கிகளுக்கும் இன்னும் வந்து சேரவில்லை. சோதனை சரியாக இருந்தாலும் மனிதக் கை தவறலாம். 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி இந்த மாநிலத்தையே உலுக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்டவை அரிதிலும் அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவ்வளவு அரிதல்லாத ஆபத்துகளும் இருக்கின்றனவே! ஏறிய ரத்தத்தின் அளவைத் தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது ஒன்று. பெயர்ச்சீட்டு மாறி, பிரிவு மாறிய ரத்தம் ஏறிவிடுவது இன்னொன்று.

இவற்றையெல்லாம்விட நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஆபத்து வேறு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அழகு அறுவைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் இனிமேல் பிள்ளை பெறக்கூடிய வயதில் இருப்பவர்கள் ஏராளம். ரத்தம் ஏற்றும்போது ஏ, பி, ஓ பிரிவையும் ஆர்.எச். பாசிட்டிவா நெகட்டிவா என்பதையும் பொருத்திப் பார்க்கிறார்கள். ஆனால் சிவப்பணுவின் மேல் இவற்றைத் தவிர இன்னும் பல அடையாளங்கள் இருக்கின்றன. கெல் என்பது அவற்றில் ஒன்று. வழக்கமாக அவற்றைப் பொருத்துவதில்லை. அந்நிய அடையாளத்தைக் கண்ட உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்ளக்கூடும். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது. நன்றாக வீட்டுக்குப் போவாள். சில ஆண்டுகள் கழித்து அவள் கருவுறும்போது, அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து போய், கருவில் இருக்கும் குழந்தையின் சிவப்பணுக்களைத் தாக்கலாம். வயிற்றுச் சதையைக் குறைத்துக்கொள்ளப் போன இடத்தில், பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஓர் ஆபத்தைத் தேடிக்கொள்ள வேண்டுமா? இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது, இதை எத்தனை பேர் எடுத்துச் சொல்கிறார்கள்?

சரி, ரத்தம் ஏற்றாமல் பெரிய அறுவை செய்ய முடியுமா? இதற்குப் பதில் சொல்ல லைப்போசக்ஷன் என்னும் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சையின் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்லப்போகிறேன். ஏனென்றால் என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1970களில் ரோம் நகரத்தில் ஃபிஷர் என்னும் தந்தையும் மகனும் தொடங்கி, பாரிஸில் இல்லூஸ் என்னும் அறுவை மருத்துவர் வளர்த்த முறை இது. தொடக்க காலத்தில் பல மருத்துவர்கள் தோலுக்குள் எந்தத் திரவமும் செலுத்தாமல், குழாயை நேரே நுழைத்து உறிஞ்சினார்கள். உறிஞ்சி எடுத்ததில் 20 முதல் 45 சதவீதம் வரை ரத்தம்! இரண்டு லிட்டர் உறிஞ்சினால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் ரத்தம்கூடப் போகலாம் என்று பொருள். அதனால் என்ன செய்தார்கள்? அறுவைக்கு முன்பே நோயாளியின் ரத்தத்தை எடுத்துச் சேமித்து வைத்து, பிறகு அவருக்கே திருப்பி ஏற்றினார்கள். ரத்தம் போவதை நிறுத்துவது எப்படி என்று யோசிப்பதற்குப் பதிலாக, போன ரத்தத்தை நிரப்புவது எப்படி என்று யோசித்தார்கள். அங்கேதான் சிந்தனை திசை மாறிப் போனது.

சிந்தனையை வழிக்குக் கொண்டுவந்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜெஃப்ரி க்ளைன் என்னும் தோல் மருத்துவர். 1987இல் அவர் வெளியிட்ட முறை கேட்பதற்கு மிக எளிது. உப்புநீரில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயினை மிகவும் நீர்த்த அளவில் கலக்க வேண்டும். ரத்தநாளத்தைச் சுருக்கும் அட்ரினலினைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் சேர்க்க வேண்டும். இந்தக் கரைசலைக் கொழுப்புத் திசுவில் விம்மி நிற்கும் அளவுக்குச் செலுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது என்பதை அடிக்கோடிட்டுக் கேளுங்கள். நாளங்கள் சுருங்கி, தோல் வெளுத்து வரும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகே உறிஞ்ச வேண்டும். பலன் என்ன? உறிஞ்சி எடுத்ததில் ரத்தத்தின் பங்கு ஏறத்தாழ ஒரு சதவீதமாக இறங்கியது. 45 சதவீதம் எங்கே, ஒரு சதவீதம் எங்கே! இதற்கு விலை உயர்ந்த எந்திரம் வந்ததா? இல்லை. ரத்த வங்கி பெரிதானதா? இல்லை. உப்புநீரும், பல ஆண்டுகளாக மருந்துக் கடையில் கிடைத்துக்கொண்டிருந்த இரண்டு மருந்துகளும், பொறுமையாகக் காத்திருக்கும் சில நிமிடங்களும்தான். இந்த முறைக்கும் எல்லை உண்டு. லிக்னோகெயின் அளவு மீறினால் இதயத்தையும் மூளையையும் பாதிக்கும். ஐந்து லிட்டருக்கு மேல் உறிஞ்சினால் அதைப் பெரிய அறுவையாகக் கருதி, இரவு முழுவதும் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம். எல்லைக்குள் நின்றால் ரத்தப் பைக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை.

இன்னொரு சாட்சி ஜப்பானிலிருந்து வருகிறது. உட்டாகோ ஒகமோட்டோ என்னும் பெண் ஆராய்ச்சியாளரும் அவர் கணவர் ஷோசுகேயும் 1962இல் டிரானெக்சாமிக் அமிலத்தைக் கண்டறிந்ததாக அறிவித்தார்கள். உடலில் உறைந்த ரத்தக் கட்டி சீக்கிரமே கரைந்துபோகாமல் தாங்கிப் பிடிக்கும் மருந்து இது. பிரசவத்தில் உதிரப்போக்கால் சாகும் தாய்மார்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அந்த அம்மையாரின் கனவு. அது உலக அளவில் மெய்ப்பிக்கப்பட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இருபதாயிரம் பெண்களிடம் நடந்த உமன் ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. உட்டாகோ அதற்கு முந்தைய ஆண்டே, தம் 98ஆம் வயதில் காலமாகிவிட்டார். விபத்தில் அடிபட்டவர்களிடம் நடந்த கிராஷ்-2 ஆய்வும் 2010இல் இதே மருந்துக்குச் சான்று தந்தது. இன்று முகச் சுருக்க அறுவை, மூக்கு அறுவை, தாடை அறுவை, வயிற்றுத் தோல் அறுவை எனப் பல இடங்களில் இதைப் பயன்படுத்துகிறார்கள். "கட்டியைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து கால் நாளத்திலும் நுரையீரலிலும் கட்டியை உண்டாக்காதா?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இதயம் அல்லாத அறுவைகளுக்கு வந்த 9,535 பேரிடம் நடந்த பாய்ஸ்-3 ஆய்வு 2022இல் வெளிவந்தது. பெரிய ரத்தப்போக்கு 11.7 சதவீதத்திலிருந்து 9.1 சதவீதமாகக் குறைந்தது. இதய, ரத்தநாளச் சிக்கல்கள் மருந்து பெற்றவர்களில் 14.2, பெறாதவர்களில் 13.9 சதவீதம். வேறுபாடு சிறிதுதான், என்றாலும் ஆபத்து அறவே இல்லை என்று அடித்துச் சொல்ல அந்த ஆய்வு போதவில்லை. ஆகவே முன்பு கால் நாளத்தில் கட்டி வந்தவருக்கும், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவருக்கும் ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்ய நேரம் வேண்டும். அந்த நேரம் அழகு அறுவையில் நமக்கு இருக்கிறதே!

இப்போது என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். கத்தியின் திறமையும் மருந்தின் திறமையும் ஒரு பக்கம் இருக்கட்டும். நோயாளி எவ்வளவு ரத்தத்தோடு அறுவை மேசையில் படுக்கிறார்? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது: 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இந்தியா முழுவதும் 57 சதவீதம் பேருக்கும், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. பாதிக்கும் மேல்! இந்த நாட்டில் ஒரு பெண் அழகு அறுவைக்கு வந்து உட்கார்ந்தால், ரத்தசோகை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் மருத்துவர் பேச்சைத் தொடங்க வேண்டும். இதை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். அறுபது கிலோ எடையுள்ள பெண்ணின் உடலில் ஏறத்தாழ 3,900 மில்லி ரத்தம் இருக்கும். ஹீமோகுளோபின் எட்டு கிராம் வரை இறங்கலாம் என்று மயக்க மருந்து நிபுணர் முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெண் 12 கிராமோடு வந்தால், அவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கின்படி, சுமார் 1,560 மில்லி ரத்தம் போகும்வரை தாங்குவாள். 9 கிராமோடு வந்தால்? சுமார் 460 மில்லிதான். அதே மருத்துவர், அதே கத்தி, அதே அறுவை. 700 மில்லி ரத்தம் போனால் ஒருத்தி ஒன்றும் ஆகாமல் வீட்டுக்குப் போவாள். மற்றவளுக்கு ரத்தப் பை தொங்கும். இந்த வேறுபாடு அறுவை அரங்கில் உண்டானதா? மூன்று மாதத்துக்கு முன்பு எழுதித் தந்திருக்க வேண்டிய இரும்புச்சத்து மாத்திரையில் உண்டானது.

எடைக் குறைப்புக்காக இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களிடம் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். எடை இறங்கிய பிறகு, இடுப்பைச் சுற்றித் தொங்கும் தோலை எடுக்க வருகிறார்கள். அழகு அறுவைகளிலேயே அதிக ரத்தம் போகும் அறுவைகளில் ஒன்று அது. வெட்டுக்கோடு உடலைச் சுற்றி வரும், மணிக்கணக்கில் நடக்கும். இவர்களில் பலருக்குச் செய்த இரைப்பை பைபாஸோ, இரும்புச்சத்தை உறிஞ்சும் முன்சிறுகுடலை உணவு தொடாமல் தாண்டிப் போகும்படி செய்திருக்கிறது. பி12 சத்தும் குறைந்திருக்கலாம். அதிக ரத்தம் போகும் அறுவைக்கு, ரத்தம் ஊறும் வழி அடைபட்டவர்கள் வருகிறார்கள். மாத்திரை அவர்களுக்குச் சரியாகப் பிடிக்காது. ரத்தநாளம் வழியாக ஏற்றும் இரும்பு மருந்து வேண்டும். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்து சேமிப்பு வற்றிப்போனவர்கள் நிறைய உண்டு. ஏன் ரத்தம் குறைந்தது என்ற காரணத்தையும் தேட வேண்டும். அதிக மாதவிடாயா, மூலமா, குடலில் புண்ணா? அழகுக்காக வந்த ஒருவரிடம் இந்தச் சோதனையால் ஒரு நோய் வெளிப்பட்டால், அதைவிடப் பெரிய நன்மை எது?

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பிரினும் சில வலி மாத்திரைகளும் ரத்தம் உறைவதைத் தளர்த்தும். தட்டணுக்கள் புதுப்பிக்கப்பட ஏழு முதல் பத்து நாள் ஆகும். எதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்; இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தாமாக நிறுத்திவிடவே கூடாது. மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, மூலிகை மாத்திரை எதைச் சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அறுவை அரங்கின் குளிரில் உடல் வெப்பம் ஒரு டிகிரிக்கும் குறைவாக இறங்கினாலே ரத்தப்போக்கு சுமார் 16 சதவீதம் கூடுகிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே போர்வையும் வெதுவெதுப்பான திரவமும் ரத்தம் காக்கும் கருவிகளே. வயிறு, மார்பு, தொடை மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் ஆசையை இரண்டு தவணையாகப் பிரித்தால், ஒவ்வொரு முறையும் போகும் ரத்தம் குறையும்.

"கல்யாணம் வருகிறது, அதற்குள் முடித்தாக வேண்டும். இரண்டு முறை மயக்கம் கொடுத்தால் செலவும் இரண்டு மடங்காகுமே?" என்பது அடுத்த ஆட்சேபம். கல்யாணத்துக்கு முகூர்த்தம் உண்டு; கொழுப்பு எடுப்பதற்கு முகூர்த்தம் கிடையாது. செலவைப் பற்றிய கவலை உண்மையானது, அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் ரத்தம் ஏறி, மருத்துவமனையில் கூடுதலாகத் தங்கி, அதன் பின்விளைவுக்கு மருத்துவம் பார்க்கும் செலவையும் அதே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டாமா?

"ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினால் தெம்பு வரும், புண் சீக்கிரம் ஆறும்" என்பது இன்னொரு நம்பிக்கை. நம் வீடுகளில் மட்டுமல்ல, மருத்துவ உலகத்திலேயே இது நெடுநாள் ஆண்டது. 1942இல் அமெரிக்காவில் இரண்டு மருத்துவர்கள், அறுவைக்கு முன் ஹீமோகுளோபின் பத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்று எழுதினார்கள். அந்த யோசனை அரை நூற்றாண்டு சட்டம்போல் நடந்தது. பெரிய அளவில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. 1999இல் கனடாவில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 838 பேரிடம் சோதித்தார்கள். ஏழுக்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் பெற்றவர்கள், பத்துக்குக் குறையாமல் ரத்தம் பெற்றவர்களைவிட மோசமாகிவிடவில்லை. 2011இல் இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள் 2,016 பேரிடம் எட்டா, பத்தா என்று பார்த்தார்கள். அதிக ரத்தம் பெற்றவர்கள் அதனால் சீக்கிரம் எழுந்து நடந்துவிடவில்லை. எண்பது வயது முதியவருக்கே தெம்பு தராத அந்தக் கூடுதல் பை, முப்பது வயது ஆரோக்கியமான பெண்ணுக்கு என்ன தந்துவிடப்போகிறது?

கடைசியாக ஓர் ஆட்சேபம், மிகவும் கனமானது. "ரத்தமே கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் உயிர் போகாதா?" போகும். அதனால்தான் ரத்தமே கூடாது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஹூஸ்டன் நகரத்து இதய மருத்துவர் டென்டன் கூலியும் அவர் குழுவும், சமய நம்பிக்கையால் ரத்தம் ஏற்க மறுக்கும் யெகோவாவின் சாட்சிகள் 542 பேருக்கு இருபது ஆண்டுகளில் இதய, ரத்தநாள அறுவை செய்து, 1977இல் அந்த அனுபவத்தை வெளியிட்டார்கள். இதய அறுவையையே ரத்தம் ஏற்றாமல் செய்ய முடியும் என்று உலகம் வியந்தது. அவர்களில் சிலருடைய மரணத்தில் ரத்தம் போனதற்கும் பங்கு இருந்ததை அவர்கள் மறைக்கவில்லை. அந்த அனுபவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சிக்கனத்தையும் முன்னேற்பாட்டையும்தான். பெரிய அறுவைக்கு ரத்தப் பிரிவு பார்த்து வைப்பது கடமை. அருகில் ரத்த வங்கி இருக்கும் மருத்துவமனையில் செய்வது கடமை. எதிர்பாராமல் நாளம் அறுந்து ரத்தம் கொட்டினால் ஒரு நொடியும் தயங்காமல் ஏற்றுவது கடமை. ரத்தத்தைத் தயாராக வைத்திருப்பது வேறு, ஏற்றுவோம் என்று எண்ணியே அறுவையைத் திட்டமிடுவது வேறு. ரத்தம் கிடைக்க வழியில்லாத சிறு கிளினிக்கில் பெரிய அறுவையைச் செய்துவிட்டு, "நாங்கள் ரத்தம் ஏற்றுவதில்லை" என்று சொல்லிக்கொள்வதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

இந்த அவையில் இருக்கும் அறுவை மருத்துவர்களை வேண்டிக்கேட்டுக்கொள்கிறேன்: ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் கைக்கு வராமல் தேதி கொடுக்காதீர்கள். குறைவாக இருந்தால் பணத்தை வாங்கி வைக்காமல் திருப்பி அனுப்புங்கள்; இரும்புச்சத்து ஏறிய பிறகு வரச் சொல்லுங்கள். அறுவை செய்துகொள்ள நினைக்கும் சகோதரிகளே, சகோதரர்களே, எத்தனை நாளில் தையல் பிரிப்பீர்கள், தழும்பு தெரியுமா என்று கேட்பதற்கு முன், என் ரத்தம் எவ்வளவு இருக்கிறது, இந்த அறுவையில் எவ்வளவு போகும், போகாமலிருக்க என்ன செய்வீர்கள் என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் படுக்காதீர்கள்.